பூட்டுப் போட்ட பெட்ரோல் மூடி

என் உள்ளங்கையை மோந்து பார்த்த மனுஷரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டும். படித்தவர். அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ், சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயைத் திறந்தால் விளக்கம். நான் ஓட்டிக்கொண்டிருந்த காரின் முதலாளிக்கு மச்சினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில் கட்டடத்து வாசலில், மற்ற வீட்டு டிரைவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "கையை நீட்டு" என்றார். ஏதோ கொடுக்கப்போகிறார் என்று நினைத்து நீட்டினேன். குனிந்து மூக்கை என் உள்ளங்கையில் வைத்து ஆழமாக இழுத்தார். நிமிர்ந்து என் முதலாளியைப் பார்த்து, "கெரசின்தான் அத்திம்பேர், சந்தேகமே இல்லை" என்றார்.

தெருநாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். இவர் தீர்ப்பும் சொன்னார்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் தாராவியில் குடியிருந்தேன். திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்து, டெம்போ, வேன் என்று எதையெதையோ ஓட்டி, கடைசியில் மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு டிரைவராகச் சேர்ந்தேன். நல்ல வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். சாருக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம். காலையில் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் வரை வண்டியோடு அங்கேயே கிடக்க வேண்டும், பிறகு அழைத்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாணம், சீமந்தம், கோயில். சாரின் மனைவியை நான் 'அம்மா' என்று கூப்பிடுவேன். அவர்கள் என்னை 'டிரைவர்' என்று கூப்பிடுவார்கள். என் பெயர் அந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை வண்டியைக் கழுவும்போது, முதல் நாள் அம்மா வைத்த சந்தனப் பொட்டு ஒன்றைத் துணியால் துடைத்துவிட்டேன். அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பொட்டு வைக்கிற வழக்கம். ஸ்டியரிங், முன்விளக்கு, நம்பர் பிளேட், டிக்கி, போகப் போகப் பெட்ரோல் மூடி என்று கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஏறும். நான் துடைத்ததைப் பால்கனியில் இருந்து பார்த்துவிட்டார்கள். "அதையெல்லாம் நீ தொடாதே டிரைவர். பூஜை பண்ணினது. சுத்தித் துடைச்சாப் போறும்" என்றார்கள்.

அந்த 'நீ'யில் ஒரு அழுத்தம் இருந்தது. எங்கள் ஆட்கள் அந்த அழுத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் ரயிலேறினார்கள். அது எங்களுக்கு முன்னாலேயே மாட்டுங்காவுக்கு வந்து, மாடி வீடு வாங்கிக் குடியேறிவிட்டது போலிருக்கிறது. சேறும் சாணியும் கழுவ என் கை ஆகும், பொட்டைத் தொட ஆகாது. எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று அன்றிலிருந்து பொட்டைச் சுற்றித்தான் துடைத்தேன். வெள்ளிக்கு வெள்ளி பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு ஏறிக்கொண்டே போனது.

ஆயுத பூஜை முடிந்த கையோடு வண்டியில் கோளாறு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். தாதர், பரேல் எல்லாம் ஒழுங்காகப் போகும். பைக்குல்லா பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. பின்னால் யாரோ பம்பரைப் பிடித்து இழுப்பது போலத் திணறும், நாலு தடவை உதறும், நின்றுவிடும். பின்னால் டபுள் டெக்கர் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டான். டாக்சிக்காரர்கள் தலையை வெளியே நீட்டி, "ஏ மதராஸி, டப்பா ஹடா!" என்று, டப்பாவை நகர்த்தச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போவார்கள். சார் பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பரைப் படிப்பது போல நடிப்பார். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பிவிடும்.

மழை விட்டு வெயில் ஏறுகிற காலம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பில் அடைத்துக்கொள்கிறது என்று நினைத்தேன். அந்தக் காலத்து வண்டிகளில் அது வழக்கமான வியாதிதான். எல்லா டிரைவரும் செய்வதை நானும் செய்தேன்: இஞ்சின் பக்கத்தில் இருக்கிற பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினேன். வண்டி துணியோடு பைக்குல்லா வரை போய்த் துணியோடு நின்றது.

பிறகுதான் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அந்த ஆளை நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கும். எங்கள் ஜில்லாக்காரன், தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. வடாலா போகிற ரோட்டில் ஷெட் போட்டிருந்தான். ஊர்க்காரன் ஆயிற்றே என்று சாரிடம் நான்தான் சிபாரிசு செய்தேன். வாயில் எந்நேரமும் பான். துப்புவதற்கு ஒரு தகர டப்பா. கழற்றிய திருகாணிகளைப் போடுவதற்கும் அதே டப்பாதான். சிவப்புச் சளியில் மிதக்கிற திருகாணியை விரலை விட்டு எடுத்து, பேண்டில் துடைத்து, வண்டியில் மாட்டுவான். பார்க்கிற நமக்குக் காலைச் சாப்பாடு தொண்டைக்கு வந்துவிடும்.

முதலில் பாயிண்டைத் தேய்த்தான். பிளக்கை மாற்றினான். பிறகு காயிலை மாற்றினான். பிறகு கார்பரேட்டரைக் கழற்றி அடியில் இருந்த கறுப்புக் கசடை எனக்குக் காட்டி, "பாத்தியா மாப்ள, கச்ரா! இதாம்வே விஷயம். இனிமே ராக்கெட்டு மாரி போவும் பாரு" என்றான். மறுநாள் ராக்கெட் பைக்குல்லாவில் நின்றது. பெட்ரோல் பம்பைப் பிரித்து உள்ளே ரப்பரை மாற்றினான். அதற்கும் வண்டி மசியவில்லை. ஷெட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும். இரண்டு தெரு சுற்றி வந்தாலும் நன்றாக இருக்கும். தூரம் போனால்தான் சாகும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு நாள் சார் நேரிலேயே ஷெட்டுக்கு வந்து, "இத்தனை செலவு பண்ணியும் ஏன் சரியாகலை?" என்று கேட்டபோது, அவன் டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை எடுத்து விரலில் தேய்த்து மோந்து பார்த்தான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஸாப், பெட்ரோல் மே ராக்கேல் மிலாயா ஹை" என்றான். ராக்கேல் என்றால் பம்பாயில் மண்ணெண்ணெய்; அதைப் பெட்ரோலில் கலந்திருக்கிறதாம். மூன்று பேரும் தமிழர்கள், மூன்று பேருக்கும் இந்தி தெரியும். இருந்தாலும் நான் பக்கத்தில் நிற்கும்போது இந்தியில் சொல்லிவிட்டால் அவன் மனசாட்சிக்கு ஒரு திரை போட்டது மாதிரி. ஊர்க்காரனாம் ஊர்க்காரன்.

அதன்பிறகு சாரின் மூளை வேகமாக ஓடியது. அவருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது, எனக்கும் அது தெரியும், மறுக்க முடியாத விஷயம். போகிற வழியில் தாதர் பங்கில் பெட்ரோல் போட்ட நாளெல்லாம் வண்டி நிற்காமல் ஃபோர்ட் வரை போயிருக்கிறது. பெட்ரோல் போடாத நாள்தான் நின்றிருக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? புதுப் பெட்ரோலில் ஓடுகிறது, பழையதில் ஓடவில்லை. நாள் முழுக்க ஃபோர்ட்டில் வண்டி யார் கையில்? டிரைவர் கையில். நல்ல பெட்ரோலை உறிஞ்சி டாக்சிக்காரனுக்கு விற்றுவிட்டு, அளவு குறையாமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிறான். அப்போது பம்பாயில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். கணக்கு கச்சிதமாக வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சினர் என் கையை மோந்து கணக்குக்குக் கீழே கோடும் போட்டுவிட்டார்.

என் கையில் மண்ணெண்ணெய் வாடை இருந்தது உண்மை. ஏன் இருக்காது? தாராவியில் யார் கையில் இல்லை? விடிந்ததும் ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றி, பின் குத்தி, பம்ப் அடித்துப் பற்றவைத்துக் கொடுப்பது என் வேலை. அதில்தான் எங்கள் வீட்டில் காப்பியும் சோறும். காஸ் அடுப்புக்காரர்களுக்கு அந்த வாடை திருட்டு வாடையாகத் தெரிகிறது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் படித்தவனை மிஞ்ச ஆளில்லை.

"வீட்டு ஸ்டவ்வு வாடை சார்" என்று சொன்னேன். சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மச்சினர் கைக்குட்டையை எடுத்து மூக்கு நுனியைத் துடைத்தார். மேலே பால்கனியில் அம்மா நின்றிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. இன்னொரு ஆள் கிடைக்கும்வரை வண்டி ஓட வேண்டுமே.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னத்துக்கு இந்தத் தேய் தேய்க்கிய? தோலு உரிஞ்சிரப் போவுது" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஸ்டவ்வைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "நாளையிலருந்து ஸ்டவ்வ நானே பத்த வச்சிக்கிடுதேன். நீங்க அதத் தொடாதிய" என்றாள். அங்கேயும் தொடாதே, இங்கேயும் தொடாதே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோப்பைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். அப்புறம் அதற்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இந்த வேல வேண்டாம், விட்ருங்க" என்றாள் அவள். விட்டிருக்கலாம். ஆனால் டிரைவர் வேலை வாய் வழியாகக் கிடைக்கிற வேலை. முன்னால் இருந்த வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். கட்டடத்து டிரைவர்கள் நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் நான் போனால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் போனதும் பேச்சு நின்றது, ஒருவன் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான். இந்த நேரத்தில் வேலையை விட்டால் திருடன் ஓடிவிட்டான் என்பார்கள். மாட்டுங்காவில் சொன்னது மாஹிமுக்கும் வடாலாவுக்கும் போய்விடும். எந்த வாயால் என்னைத் திருடன் ஆக்கினார்களோ அந்த வாயால், அதே பெஞ்சுக்கு முன்னால் நின்று, இவன் திருடன் இல்லை என்று சார் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

மறுநாளே சார் கிங் சர்க்கிள் பக்கம் கார் சாமான் விற்கிற கடையில் நிறுத்தச் சொன்னார். பெட்ரோல் டாங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கினார். பழைய மூடியைக் கழற்றிக் கொடுத்ததும் நான்தான், புதியதை மாட்டியதும் நான்தான். பூட்டிச் சாவியை உருவியது மட்டும் அவர். பையில் போட்டுக்கொண்டார். இனி பங்கில் பெட்ரோல் போடும்போது அவரே இறங்கி வந்து திறப்பார், அவரே பூட்டுவார், ஒரு தடவை இழுத்தும் பார்ப்பார். பங்கு ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வண்டி ஓடியது. அதுதான் கொடுமை. பூட்டுப் போட்ட நாளிலிருந்து எங்கும் நிற்கவில்லை. பைக்குல்லா பாலத்தில் குதிரை மாதிரி ஏறியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் காக்கை நானாக இருக்கும்போது அதை யாரிடம் போய்ச் சொல்வது? சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாத்தியா டிரைவர், எவ்வளவு ஸ்மூத்தாப் போறது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்லுகிற அந்தப் பெரிய மனுஷத்தனம் இருக்கிறதே, அதற்கு நேராக நாலு அறை அறைந்திருக்கலாம்.

உலகத்தில் எந்த டிரைவரும் வேண்டாததை நான் வேண்டினேன். வண்டி நின்று தொலைய வேண்டும் என்று தினமும் வேண்டினேன். பாலம் வந்தால் என் கால் கட்டைவிரல் துடிக்கும், நில்லேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சுவேன். அது போய்க்கொண்டே இருந்தது. எனக்கே ஒரு கட்டத்தில் குழப்பம் வந்துவிட்டது. ஃபோர்ட்டில் நான் கண் அசரும்போது வேறு எவனாவது உறிஞ்சியிருப்பானோ என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் அம்மா தட்டோடு இறங்கி வந்தார்கள். புதுச் சாமான் அல்லவா, பூட்டுக்குக் கூடுதலாகவே மரியாதை. கட்டைவிரலால் சந்தனத்தை அள்ளி அதன் தலையில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். திருடனிடமிருந்து காப்பாற்றுகிற பூட்டு. நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

மறுநாள் வண்டி வெளியே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முலுண்டில் ஒரு சீமந்தம், போகும் வழியில் பெட்ரோல் போட்டோம். சார், அம்மா, மச்சினர் மூன்று பேர். சாப்பாடு முடிந்து, மச்சினரை அணுசக்தி நகரில் விட்டுவிட்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு. செம்பூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வண்டி மூச்சு வாங்கியது. உதறியது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன், ஒன்றும் இல்லை. ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு வண்டி நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

நின்ற இடம் அப்படி. ஒரு பக்கம் தேவ்னார் குப்பை மேட்டிலிருந்து வருகிற காற்று, இன்னொரு பக்கம் ஆலைப் புகை. இரண்டும் கலந்து முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. அம்மா பட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இங்கயா நிக்கணும்" என்றார்கள். நான் திரும்பிச் சாரைப் பார்த்தேன்.

"சாவி உங்ககிட்டதான சார் இருக்கு?" என்றேன்.

சார் பையைத் தொட்டுப் பார்த்தார். மச்சினர்தான் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினார். பெட்ரோலை அவரே பரிசோதிப்பாராம். நானும் இறங்கிப் பின்னால் போனேன். அவர் பூட்டைத் திறந்து மூடியைத் திருகியதும் 'புஸ்ஸ்ஸ்' என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. குழந்தை அழுது முடித்துப் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். அவர் அப்படியே நின்றார்.

பிறகு அவர் செய்ததை நான் ரசித்துப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மூடியைப் புரட்டிப் பார்த்தார். அதன் உள்பக்கத்தில் வாயை வைத்து ஊதினார். பெட்ரோல் நனைந்த மூடியில், கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். காற்று போகவில்லை. காறித் துப்பினார். மேல்பக்கம் திருப்பினார். சாவித் துவாரத்துக்கு மேலே கடுகளவு ஓட்டை ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. ஜன்னல் வழியாக அக்காவிடம் ஊக்கு வாங்கிச் சுரண்டிக் குத்தினார். மறுபடி வாயை வைத்து ஊதினார். இந்தத் தடவை சந்தனத் தூள் பறந்தது. அவர் மீசையிலும் ஒட்டியது.

"அக்கா, உன் பொட்டுதான்!" என்று கத்தினார்.

அந்த நாற்றத்தில் நின்றுகொண்டே விளக்கம் ஆரம்பித்தது. டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டுமாம். மூடியில் இருக்கிற சின்ன ஓட்டை அதற்குத்தானாம். ஓட்டையை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும், பம்ப் இழுத்தாலும் வராது, இஞ்சினுக்குத் தீனி கிடைக்காமல் சாகும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். வழியில் பெட்ரோல் போட்டால்? மூடியைத் திறக்கிறோம் அல்லவா, அதிலேயே காற்று போய்விடும். அதனால்தான் பெட்ரோல் போட்ட நாள் நிற்கவில்லை. பழைய மூடியிலும் ஆயுத பூஜையிலிருந்துதானே பொட்டு வைக்க ஆரம்பித்தாய் என்று அக்காவைக் கேட்டார். "ஆமாண்டா, அதுதானே வண்டிக்கு வாய்னு இந்த வருஷம்தான் வச்சேன்" என்றார்கள் அம்மா. "சிம்பிள் பிஸிக்ஸ்!" என்றார் மச்சினர்.

எல்லாம் சரியான விளக்கம். ஒரு எழுத்துக்கூடக் குறை சொல்ல முடியாது. அம்மா சிரித்த சிரிப்பில் மூக்கைப் பொத்திய தலைப்பு நழுவியது. "என் சந்தனமா! ஐயோ ராமா, வண்டி வாயில நானே மண்ணைப் போட்டேனா!" சாரும் சிரித்தார். மச்சினர் மூளையைச் சார் புகழ்ந்தார்.

நான் காத்திருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று இப்போது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டதே, யாராவது ஒருவர் என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். மச்சினர் திரும்பினார். என் தோளில் கிடந்த மஞ்சள் துணியை உருவி, வாயையும் கையையும் துடைத்துக்கொண்டு, மறுபடி தோளிலேயே போட்டுவிட்டு, "ம், எடு வண்டியை" என்றார். அந்தத் துணியை அன்று நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போகிற வழியிலேயே வீசிவிட்டேன்.

மாட்டுங்காவில் சார் இறங்கும்போது கேட்டேவிட்டேன். "சார், அப்ப நான் மண்ணெண்ணெ ஊத்தல."

"அதான் சரியாயிடுத்தே, விடேன்" என்றார்.

"இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று பெஞ்சைக் காட்டினேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "டிரைவர்கள்கிட்டப் போய் நான் என்னத்தைச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறினார்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். பானை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "நாந்தான் மொதல்லயே மூடியப் பாக்கணும்னு சொன்னம்லா?" என்றான். அவனோடு அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான்.

பெஞ்சில் நானே போய்ச் சொன்னேன். சந்தனத்தால் கார் நின்றது என்று ஒரு திருடன் சொன்னால் யார் நம்புவார்கள்? "அச்சா?" என்றான் கைக்கடிகாரக்காரன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த வீட்டுக்கு அது நல்ல கதையாகிவிட்டது. வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் காரில் வைத்தே சொல்லுவார்கள். சந்தனம், வெற்றிடம், தம்பியின் மூளை, குப்பை மேட்டு நாற்றம், மீசையில் ஒட்டிய தூள், ஒன்றும் விட மாட்டார்கள். என் பிடரிக்குப் பின்னால் அந்தக் கதை ஓடும். அதில் நான் வரவே மாட்டேன். கையை மோந்த இடம் வராது. பொட்டும் நிற்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஓட்டை எங்கே இருக்கு, காட்டு. தொடாமக் காட்டு" என்பார்கள். நான் விரலை நீட்டுவேன், அவர்கள் அதற்கு அடுத்து வைப்பார்கள். பூட்டும் அப்படியே இருந்தது. பங்கில் சார் இறங்கித் திறப்பதும், பூட்டி இழுத்துப் பார்ப்பதும் நிற்கவில்லை. இன்று கேட்போம், நாளை கேட்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு நாள் மெட்ராஸிலிருந்து அம்மாவின் அக்காவும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். நாலு பேரையும் செம்பூர் முருகன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். கிங் சர்க்கிளில் பெட்ரோல் போட்டோம். சார் இறங்கித் திறந்து, பூட்டி, வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கதை ஞாபகம் வந்துவிட்டது. சயானை நெருங்குவதற்குள் முழுக்கச் சொல்லி முடித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்த அந்த அக்கா, "அது சரி, கோளாறு சந்தனத்தாலதானே? அப்புறம் எதுக்கு இந்தப் பூட்டும் சாவியும்? இவர் வேஷ்டியைத் தூக்கிண்டு இறங்கி இறங்கி ஏறறாரே, பாவம்" என்றார்.

நியாயமான கேள்வி. ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்திக்குத்தான் அது தோன்றியது. நான் கண்ணாடியில் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அம்மா குரலைத் தாழ்த்தினார்கள். காருக்குள் எவ்வளவு தாழ்த்தினாலும் டிரைவர் காதுக்குத்தான் முதலில் வரும்.

"அதுபாட்டுக்கு இருக்கட்டும் அக்கா. அன்னிக்குத் திருடலைன்னா என்ன, என்னிக்காவது தோணாதா? தாராவி ஆளுங்க."

நான் பிரேக்கை ஆத்திரமாகப் போடவில்லை. இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, சயான் ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். இஞ்சினை அணைத்தேன்.

"என்னாச்சு? மறுபடியுமா?" என்றார் சார்.

சாவியை உருவி அவர் கையில் வைத்தேன். "அந்தச் சாவியோட இதையும் சேத்து வச்சிக்கிடுங்க சார்" என்றேன். கதவைத் திறந்து இறங்கினேன்.

முன்பு என்றால் இந்நேரம் என் மனசு அடித்துக்கொண்டிருக்கும், திருடன் ஓடிவிட்டான் என்பார்களே என்று. சொல்லட்டும். அவர்கள் எப்படியும் சொல்லுவார்கள் என்பது எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது. என் பெயரை அவர்கள் வாயிலிருந்து வாங்க நான் இத்தனை மாதம் நின்றதுதான் எனக்கு அப்போது எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

தாராவிப் பக்கம் ரோட்டைக் கடந்து நடந்தேன். பின்னால், "டிரைவர்! ஏய் டிரைவர்!" என்று கூப்பிட்டார்கள். பத்தடி போய் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். டாங்க் நிறையப் பெட்ரோல், மூடியில் காற்று ஓட்டை திறந்திருக்கிறது, பிளக், காயில், பம்ப் ரப்பர் எல்லாம் புதுசு. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நாலு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், சார் கையில் இரண்டு சாவி இருந்தது. அந்த நாலு பேரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.